எடுப்பவரும் காப்பவரும்
காடு பற்றிய ஓர் அறவினா

களனி கங்கை கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னர் அதன் வடகரையில் அமைந்திருப்பது பேலியகொடை. கொழும்பு மாநகரின் வடவாயில் என இவ்வூரைக் கூறுதல் மிகையாகாது. புறக்கோட்டையில் நெடுங்காலம் இயங்கிய மனிங் சந்தைக்கென 2020 நவம்பரில் இங்கு புதிய கட்டடத் தொகுதி திறந்துவைக்கப்பட்டது. மலையிலும் சமவெளியிலும் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை நள்ளிரவில் லொறிகளில் இங்கு வந்து இறங்குகின்றன. பாலத்தின் கீழே ஓடும் ஆறோ சிவனொளிபாதமலைச் சாரற் காடுகளில் ஊற்றெடுத்து, கித்துள் மரத்தினாற் பெயர்பெற்ற கித்துள்கலையைக் கடந்து வருகின்றது. பாலத்தின்மேற் செல்வது மனிதன் எடுத்துக்கொண்டது. பாலத்தின்கீழ்ச் செல்வது காடு தானாகத் தந்தது. இவ்விரண்டுக்குமுள்ள உறவு யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

வெப்பவலயக் காடுகளைப் பற்றிய சிந்தனை இன்று புதியதொரு திருப்பத்தை அடைந்துள்ளது. ஒரு மரத்தின் உலர்நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு காபன் ஆகும். மரம் எரிந்தோ உக்கியோ அழியும்போது அதிலுள்ள ஒவ்வொரு தொன் காபனும் ஏறக்குறைய 3.67 தொன் காபனீரொட்சைட்டாகி வளிமண்டலத்தைச் சேர்கின்றது. எனவே, காட்டில் நிற்கும் பெருமரம் அவ்வூரவருக்கு மட்டுமன்றி, அதனை ஒருநாளும் காணாத தூரதேசத்து மக்களுக்கும் பயன் தருகின்றது. ஆனால், அதே காடு தன் ஓரத்தில் வாழ்பவனுக்கு மருந்துக் கொடியும் பிரம்பும் தேனும் பாணியும் பழமும் தருகின்றது. ஒருவனுக்குக் காடு நின்றாற் போதும். மற்றவனுக்கு அதிலிருந்து சிறிது எடுத்தால்தான் உலை கொதிக்கும். எடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? எடாதிருக்கும் சுமையை யார் தாங்குதல் வேண்டும்?

இவ்வினாவை வெறும் கருத்தளவில் நோக்குவதைவிட, சிங்கராஜ வனத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் பயன்தரும். உரிமைப் பத்திரம் இல்லாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாக்கிய சட்டம் 1840 இல் இயற்றப்பட்டது. சிங்கராஜாவின் பெரும்பகுதி 1875 இல் ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வழங்கும் பொருட்டு அரசே அங்கு இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தது. மக்களின் எதிர்ப்பினால் அது 1977 இல் நிறுத்தப்பட்டது. 1978 இல் அவ்வனம் உயிர்மண்டல ஒதுக்கமாக ஏற்கப்பட்டது. 1988 இல் தேசிய மரபுரிமை வனமாகவும், யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் உயர்வு பெற்றது. அதன்பின் அங்கு எந்தத் தாவரத்தையும் வெட்டுவதும் அகற்றுவதும் சட்டப்படி குற்றமாயின.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. சில ஆண்டுகளில் பெருமரங்களை வீழ்த்தியது அரசின் இயந்திரம்; தலைமுறை தலைமுறையாகக் கொடியும் பழமும் எடுத்தது கிராமத்தவனின் கத்தி. இறுதியில் வந்த தடையோ இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. பெரிதாக எடுத்தவனுக்கு வேறு தொழில் கிடைத்தது. சிறிதாக எடுத்தவனுக்கு, அவன் பாட்டன் சென்ற காட்டுப்பாதையே குற்றத்தின் பாதையாயிற்று. எனினும், கிராமத்தவனைக் குற்றமற்ற காவலனாகப் போற்றிப் பாடுவதும் உண்மையாகாது. சிங்கராஜாவின் ஓரங்களைத் தின்றுவந்த சிறு தேயிலைத் தோட்டங்களும் மனிதக் கைகள் நட்டவையே. ஆகவே, யார் எடுத்தார் என்பதோடு, எதனை எவ்வாறு எடுத்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

எடுத்தல் என்பது ஒரு சொல்லாயினும் ஒரு செயலன்று. ஹல் மரத்தின் பழத்தை மாவாக்குவதற்கு, நிலத்தில் வீழ்ந்ததைப் பொறுக்கினாற் போதும், மரம் நிற்கும். மரமஞ்சளின் நிலை வேறு. சிங்களத்தில் வெனிவெல் எனப்படும் இக்கொடியின் மஞ்சட்டண்டு கொத்தமல்லியுடன் சேர்ந்து அவிந்து, இலங்கை இல்லங்களிற் காய்ச்சற் குடிநீராகின்றது. இங்கு மருந்து கொடியின் தண்டே. மிக மெதுவாக வளரும் இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஓரிடத்துப் பெண்கொடிகள் யாவும் வெட்டுண்டால், எஞ்சிய ஆண்கொடிகள் எத்தனை நின்றாலும் விதை இல்லை.

கித்துளின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பாளையைச் சீவிப் பதநீர் எடுப்பவன் மரத்தைக் கொல்வதில்லை. ஆனால் கித்துள் தன் வாழ்நாளில் ஒரே பருவத்தில் மேலிருந்து கீழாகப் பாளைகளை ஈன்று, பின் தானே மடியும் மரம். சீவப்பட்ட பாளை காய்ப்பதில்லை. காய் இல்லையெனின், பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்பும் மரநாய்க்கும் உணவில்லை. காட்டுக்கு அடுத்த தலைமுறைக் கித்துளும் இல்லை. மலருக்கு ஊறு செய்யாது தேன் கொள்ளும் வண்டைத் தம்மபதம் முனிவனுக்கு உவமையாக்குகின்றது. அந்த வண்டு மகரந்தத்தைச் சுமந்து மலருக்குக் கைம்மாறும் செய்கின்றது. பாளை சீவுபவனிடம் இயற்கை அத்தகைய கைம்மாற்றினை வைக்கவில்லை. அவன் அதனைத் தன் அறிவினாற் செய்தல் வேண்டும். சில பாளைகளைக் காய்க்க விடுவதும், வீட்டுவளவிற் கன்று நடுவதும் அவனுக்குரிய கைம்மாறுகளாம்.

இனி, இவ்விடயத்தில் முன்வைக்கப்படும் இரு வாதங்களை நோக்குவோம். காட்டினுள் மனிதக் கை படவே கூடாது என்பது முதலாவது வாதம். இதன் தூய்மை கவர்ச்சியானது. ஆயின், அனுபவம் இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசுவாமி மலையில், சத்தியமங்கலக் காடுகளுக்கு அணித்தாக வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர் நெல்லிக்கனியும் தேனும் பாசியும் சேகரித்து வந்தனர். இந்திய வனவிலங்குச் சட்டத்திற்கு 2002 இற் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் விளைவாக, விற்பனைக்கான சேகரிப்பு அங்கு தடைசெய்யப்பட்டது. ஆனால், நெல்லிமரங்களை நலிவித்தவற்றுள் கனி பறிக்கும் கையைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியின் படர்ச்சியும் பெரியவை என ஆய்வாளர் கண்டனர். சோலிகர் முன்பு ஆண்டுதோறும் இட்ட சிறுதீ அவற்றைக் கட்டுப்படுத்தியது என்பது அம்மக்களின் கூற்று. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்களது சமூக உரிமை 2011 இல் ஏற்கப்பட்டது. எடுப்பவரை வெளியேற்றியபோது, காட்டை அறிந்த கண்களும் உடன் வெளியேறின என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

தேவை உள்ளவனுக்கு எடுக்கும் உரிமை உண்டு என்பது இரண்டாவது வாதம். பசித்தவன் முன் அறநூல் விரிப்பது கொடுமை என்பதை மறுப்பார் யார்? எனினும், காட்டுப் பொருளுக்குச் சந்தை வந்தபின் தேவைக்கு எல்லை இல்லாமற் போகின்றது. வல்லப்பட்டை என்னும் மரம் ஊரவர்க்குப் பெரிதும் நாருக்கே பயன்பட்டது. அதனுள் அகிலையொத்த நறுமணப் பிசின் உண்டு என்பது ஏறத்தாழ 2012 அளவிற் பரவியதும், விமான நிலையத்திற் கைப்பற்றப்படும் கடத்தற் பொருளாக அது மாறிற்று. மரத்தை வெட்டியவன் பெற்ற கூலிக்கும் வெளிநாட்டில் அது பெற்ற விலைக்கும் ஒப்புமையே இல்லை. இங்கு செயற்பட்டது ஏழையின் தேவையன்று. ஏழையின் கையைக் கருவியாகக் கொண்ட வேறொருவனின் ஆசையே.

இவ்விடத்தில் வினாவின் உயிர்நிலை தோன்றுகின்றது. மரமஞ்சள் தேடிச் செல்லும் ஒருவன், அப்பகுதியில் எஞ்சிய ஒரே பெண்கொடியைக் காண்கின்றான் எனக் கொள்வோம். அதனை விட்டுச் செல்லுதல் நன்று என்பதை அவன் அறிவான். ஆனால், தான் விட்டதை நாளை மற்றொருவன் வெட்டுவான் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்போது அவனுடைய நோன்பினாற் காடும் பிழையாது. அவன் பிள்ளையின் பாடசாலைச் செலவும் கிட்டாது. பொதுச்சொத்து இவ்வாறே அழியும் என 1968 இல் காரெற் ஹாடின் வாதிட்டார். அது விதியன்று என்பதை எலினோர் ஒஸ்ரொம் 1990 இல் வெளியிட்ட நூலிற் பல நாட்டு அனுபவங்களைக் கொண்டு நிறுவினார். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, மீறியவனைத் தண்டிக்கும் இடங்களிற் பொதுச்சொத்து நூற்றாண்டுகள் நிலைத்துள்ளது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. அடக்கம் என்பது தனிமனிதனின் உள்ளத்தில் மட்டும் விளையும் பண்பன்று. நாளையும் இது எனக்கு உண்டு என்ற நம்பிக்கையில் விளைவது. நாளைய உரிமை மறுக்கப்பட்டவன் இன்றே யாவற்றையும் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆகவே, உரிமையைப் பறித்துவிட்டு அடக்கத்தை எதிர்பார்க்கும் சட்டம், தான் விரும்பும் பண்பின் வேரையே அறுக்கின்றது.

காபன் கணக்கு இச்சிக்கலைத் தீர்த்துவிடும் எனக் கருதுவாரும் உளர். காட்டை நிற்கவிடுவோருக்குத் தேங்கிய காபனின் அளவுக்கேற்பப் பணம் வழங்கலாம் என்ற எண்ணம், 2007 இன் பாலி மாநாட்டுக்குப் பின் உலக அரங்கில் வலுப்பெற்றது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயின், காபன் என்னும் அளவுகோலுக்குக் கண் ஒன்றே. வெட்டுண்ட மரமஞ்சட் கொடியின் காபன், பெருமரத்தின் முன் தூசுக்குச் சமம். கணக்கில் அது தோன்றவே தோன்றாது. பனாமாவில் நிகழ்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்று, பெருங்கொடிகள் நீக்கப்பட்ட இடங்களில் மரங்கள் மேலும் விரைந்து காபனைச் சேர்த்தன எனக் காட்டிற்று. காபன் மட்டுமே அறம் எனின், கொடிகளை அறுத்தெறிதல் புண்ணியமாகிவிடும்! மரங்கள் நிற்க, விலங்குகள் அற்றுப்போன காடுகளை வெறுங்காடு என 1992 இல் கென்ற் றெட்போட் அழைத்தார். விதை பரப்பும் விலங்கு அற்ற காட்டின் காபனும் நெடுங்காலம் நிலையாது. அளக்கக்கூடியது மட்டுமே மதிப்புடையது என்ற மயக்கத்திலிருந்து அறச்சிந்தனை விலகி நிற்றல் வேண்டும்.

மேலும், கேட்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன்; உலகச் சராசரி 4.5 தொன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருடையது ஏறத்தாழ 14 தொன். மிகக் குறைவாக எடுத்தவனிடமே மிகுந்த துறவு கேட்கப்படுகின்றது. தான் துறவாதவன் பிறனைத் துறக்கச் சொல்லிக் கூலி கொடுப்பது, நோன்பிருக்க ஆள் அமர்த்துவதை ஒக்கும். பிரேசிலின் சிக்கோ மென்டிஸ் றப்பர்ப்பால் எடுக்கும் தொழிலாளி. தம் தோழருடன் மரந்தறிப்போர்முன் நின்று காட்டைக் காத்தவர் அவர்; 1988 டிசம்பர் 22 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். எடுப்போர் உரிமையோடு வாழும் காப்பகம் 1990 இல் அவர் பெயரால் அமைந்தது. எடுப்பவனும் காப்பவனும் ஒருவனாக இருத்தல் கூடும் என்பதை அவர் வாழ்வு உலகுக்குக் காட்டிற்று.

இவ்வுண்மை தலைநகரவாசிக்கும் உரியதே. பேலியகொடைக்கு வடக்கே நீர்கொழும்பு வாவி வரை பரந்து கிடப்பது முத்துராஜவெலச் சதுப்புநிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த முற்றா நிலக்கரியில் அது காபனைப் பூட்டி வைத்திருக்கின்றது. நீர் வடிந்தால் அப்பூட்டுத் திறந்துவிடும். 1996 இல் அதன் ஒரு பகுதி சரணாலயமாயிற்று. ஆயினும், அப்பகுதிச் சதுப்பில் வீதியும் பண்டசாலையும் குடியிருப்பும் பெருகியே வந்தன. 2013 இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் பேலியகொடையிலிருந்தே தொடங்கி அச்சதுப்பின் வழியே செல்கின்றது. நிரப்பிய சதுப்பின்மேல் நின்று, கொடி வெட்டியவனை நோக்கி விரல் நீட்டுதல் எளிது. அந்த விரலுக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

முடிவாகக் கூறுமிடத்து, அறம் ஒரு வரிசையைக் கொண்டிருத்தல் வேண்டும். இன்றியமையாத் தேவை இல்லாதவன் முதலில் விட வேண்டும்; பிழைப்புக்காக எடுப்பவனிடம் அதன்பின்னரே கேட்க வேண்டும். மீண்டும் தளிர்ப்பதை எடுக்க இடமளித்து, வேரையும் கடைசிப் பெண்கொடியையும் எவராயினும் தொடாது காக்க வேண்டும். விதி வகுக்கும் மன்றில் எடுப்பவனுக்கும் இருக்கை வேண்டும். வாங்குபவனும் இவ்வறத்திற்கு வெளியே நிற்க இயலாது. காய்ச்சல் வந்த வீட்டில் மரமஞ்சட் குடிநீரைக் கையில் ஏந்துபவன், அத்தண்டு எக்காட்டில் எவன் கையால் அறுக்கப்பட்டது, அங்கே இன்னொரு கொடி நிற்கின்றதா எனக் கேட்கக் கடமைப்பட்டவன். அக்கேள்வி சந்தையிற் கேட்கப்படும்வரை, காட்டின் ஓரத்தில் வாழ்பவனை மட்டும் குற்றவாளியாக்கும் தீர்ப்பு நீதியாகாது.