எம்பெருமான் சொத்தும் நம் பொறுமையும்

திருவிழாவிற்கு எழுந்தருளும் ஆஸ்திகர்களில் சிலர் அடியேனிடம் கேட்பதுண்டு: “தர்மகர்த்தா ஒருவர் கோயில் பொருளைக் கெடுத்தால், அவர்மீது வழக்காடுதல் வைஷ்ணவ லக்ஷணத்திற்கு ஒக்குமோ? பொறுத்தலன்றோ நம் தர்மம்? கூரத்தாழ்வான், தம் கண்கள் போனதற்குக் காரணமான நாலூரானுக்கும் காஞ்சி வரதனிடம் நற்கதி வேண்டினாரே!”

விடை அவ்வரலாற்றிலேயே உள்ளது. ஆழ்வான் மன்னித்தது தமக்கு நேர்ந்த தீங்கை. கண்கள் அவருடையவை, ஆதலின் மன்னிக்கும் அதிகாரமும் அவருடையதாயிற்று. திருவிளக்கிற்கென்று ஒருவர் எழுதிவைத்த நிலமோ நம்முடையதன்று. எம்பெருமான் பொருளுக்கு நேர்ந்த கேட்டை நாம் பொறுத்தோம் என்பது பொறுமையாகாது, உடந்தையாகும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு இசைந்தே நிற்கிறது. எம்பெருமான் தம் பெயரிலேயே சொத்துடையவர். ஆயினும் தாமே வழக்காட இயலாமையால் மைனருக்கு ஒப்பாகக் கருதப்படுபவர். தர்மகர்த்தா அச்சொத்தின் காப்பாளரேயன்றிச் சொந்தக்காரரல்லர். காப்பாளரே மாறுபட்டால் கேட்பவர் யார்? உத்தரப் பிரதேசத்து ராதாவல்லபர் வழக்கில், வழிபடும் அடியவரே பெருமாளின் பொருட்டு நின்று சொத்தை மீட்க வழக்கிடலாம் என்று 1967-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பதும், அடகு வைப்பதும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லா. கடமை தவறிய தர்மகர்த்தாவை, குற்றச்சாட்டு வரைந்து, அவர் விளக்கத்தையும் கேட்டபின் நீக்குதற்கு 53-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கோயிலின் அசையாச் சொத்தை மீட்கும் வழக்கிற்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்பது 109-ஆம் பிரிவு.

ஆயினும், சான்றின்றிப் பழி தூற்றுதல் பெரும் அபசாரம். கணக்கைக் கேட்குமுன் பகையை விடல் வேண்டும். வழக்காடுபவர் தமக்கென்று ஒரு பலனும் கருதலாகாது. மீளும் நிலம் முழுதும் எம்பெருமானுடையதே. பொருளை மீட்க நீதிமன்றத்தில் நிற்பதும், தவறியவர் திருந்தவேண்டுமென்று சந்நிதியில் நிற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டாவதே ஆழ்வான் காட்டிய வழி. முதலாவது நாம் பட்ட கடன்.

இன்று கர்ப்பக்ருஹத்துத் திருவிளக்கொளியில் எம்பெருமானைச் சேவிக்கும்போது, அவ்விளக்கிற்கு நெய் வார்க்க நிலம் எழுதிவைத்த முன்னோரையும் ஒருகணம் நினைப்போமாக. அவர்கள் தர்மகர்த்தாவை நம்பினார்கள். பின்வரும் நம்மையும் நம்பியே சென்றார்கள்.