தனக்குத் தானே 5 ஸ்டார்



சஷ்டிக்குத் திருச்செந்தூர்ல ரூம் தேடினாலும் சரி, நைட் ஷிப்ட் முடிச்சு டிபன் கடை தேடினாலும் சரி, நம்ம கண்ணு முதல்ல போறது ஸ்டார் மேலதான். 4.6 இருந்தா உள்ளே போறோம். 3.4 இருந்தா அடுத்த கடை. அந்த 4.6-ல பாதி கடைக்காரரே உட்கார்ந்து போட்டதா இருந்தா?

"இதுல யோசிக்க என்ன இருக்கு, ஃபிராடு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா கொஞ்சம் நின்னு பாருங்க. அந்தக் கடையில சாம்பார் நிஜமாவே நல்லா இருக்குன்னு வைங்க. ஓனர் ஒரு பொய்ப் பெயர்ல வந்து "சாம்பார் அருமை"ன்னு எழுதறார். அந்த வரியில எது பொய்? சாம்பார் நல்லாத்தானே இருக்கு. அப்போ நாம எதைத் தப்புன்னு சொல்றோம்?

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு நல்ல உதாரணம் ஒரு எழுத்தாளர் கதை. "எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்" எழுதின ஆந்தனி பர்ஜெஸ், இங்கிலாந்தின் "யார்க்ஷயர் போஸ்ட்" பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். 1963-ல் ஜோசப் கெல் என்ற புனைபெயரில் அவருடைய இன்னொரு நாவல் வெளியானது. விமர்சனத்துக்காகப் பத்திரிகையிலிருந்து அந்தப் புத்தகமே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவரும் எழுதி அனுப்பினார். இதுல வேடிக்கை என்னன்னா, அவர் அதை ஓஹோன்னு புகழவே இல்லை. இது கொஞ்சம் அசிங்கமான புத்தகம், சிலருக்குக் குமட்டலாம் என்கிற தொனியில்தான் எழுதினார். விஷயம் வெளியே தெரிஞ்சதும் விமர்சகர் வேலை போச்சு.

தன்னைத் தானே திட்டிக்கிட்டவருக்கும் வேலை போச்சுன்னா, பிரச்சினை புகழ்ச்சியில் இல்லைன்னு தெரியுது இல்லையா? ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேல, எழுதப்படாத ஒரு முதல் வரி இருக்கு: "நான் ஒரு வெளியாள், இதுல எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை." நாம நம்பி உள்ளே போறது அந்த வரியைப் பார்த்துத்தான். ஓனர் பொய் சொல்றது அந்த வரியில. சாம்பார் எவ்வளவு ருசியா இருந்தாலும் அந்தப் பொய் உண்மை ஆகாது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ல் தன்னுடைய "லீவ்ஸ் ஆஃப் கிராஸ்" புத்தகத்துக்குப் பெயர் போடாமல் தானே புகழ்ந்து விமர்சனங்கள் எழுதினார். புத்தகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான்னு இன்னைக்கு உலகமே ஒத்துக்குது. ஆனாலும் அன்னைக்கு அந்தப் பத்திரிகையை வாங்கிப் படிச்சவர், சாட்சி சொன்னது யாருன்னு தெரியாமலேதான் படிச்சார்.

சரி, இதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் இப்போ வந்துதான் கண்டுபிடிச்சானா? இல்லை. நம்ம நன்னூல் இருக்கே, பள்ளிக்கூடத்துல இலக்கணம்னு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோமே, 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதினது, அதோட பாயிரத்துல இந்தக் கேள்வியை நேரா எடுத்துப் பேசியிருக்கார். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் எழுதலாம்? இன்னைக்கு அணிந்துரைன்னு சொல்றோமே, அதுதான். எழுதினவனே எழுதக்கூடாது. அவனுடைய ஆசிரியர் எழுதலாம், கூடப் படிச்சவன் எழுதலாம், மாணவன் எழுதலாம், உரை எழுதினவர் எழுதலாம். எவ்வளவு பெரிய வேலையைச் செஞ்சு முடிச்சிருந்தாலும் தன்னைத் தானே புகழ்றது தகுதி இல்லைன்னு அடுத்த சூத்திரம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனிங்க. ஆசிரியர், கூடப் படிச்சவன், மாணவன். யாருமே வெளியாள் இல்லை! எல்லாருமே நூலாசிரியருக்கு வேண்டப்பட்டவங்க. வேண்டப்பட்டவன் பாராட்டக் கூடாதுன்னு பவணந்தியார் சொல்லவே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு அவருக்கும் தெரியும். ஆனா அவர் பட்டியல்ல, சொல்றவர் யாரு, நூலாசிரியருக்கு என்ன உறவுன்னு தெளிவா இருக்கு. மாணவன் சொல்றான்னு தெரிஞ்சே படிக்கிறவன், அதுக்கு ஏத்த மாதிரி எடை போட்டுக்குவான்.

அதோட விடலை. தன்னைப் புகழலாம்னு நாலு இடங்களுக்கு விலக்கும் கொடுக்கிறார். அரசன் சபைக்கு ஓலை எழுதும்போது. தன் திறமை தெரியாதவங்க நடுவுல இருக்கும்போது. சபையில் வாதம் பண்ணி ஜெயிக்கும்போது. எதிராளி தன்னைப் பழிச்சுப் பேசும்போது. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முதலாவது நம்ம ரெஸ்யூமே. ரெண்டாவது புதுக்கடை திறக்கிறவர் வைக்கிற பேனர். மூணாவது இன்டர்வியூ, இல்லைன்னா க்ளையன்ட் மீட்டிங். நாலாவது, மோசமான ரிவ்யூவுக்குக் கீழே ஓனர் போடுற பதில். நாலுலயுமே பேசறவன் முகம் வெளியே தெரியுது. திரைக்குப் பின்னால் இருந்து வேற குரல்ல பேச அவர் எங்கேயும் அனுமதி கொடுக்கலை.

இப்போ இதே காரியம் மொத்தமா, திட்டம் போட்டு நடந்தா எப்படி இருக்கும்னு பாருங்க. அமெரிக்காவுல சண்டே ரைலின்னு ஒரு அழகுசாதன கம்பெனி. அதன் மேல் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் ஒரு புகார் வெளியிட்டது. 2015 கடைசியிலிருந்து 2017 வரை கம்பெனி ஆட்களே செஃபோரா தளத்தில் வாடிக்கையாளர் மாதிரி ரிவ்யூ போட்டாங்க என்பது குற்றச்சாட்டு. கம்பெனித் தலைவியே ஊழியர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கார்: ஆளுக்கு மூணு கணக்கு, வெவ்வேற அடையாளம். கண்டுபிடிக்காம இருக்க வி.பி.என். போடணும். மோசமான ரிவ்யூ கண்ணுல பட்டா அதுக்கு டிஸ்லைக் போடணும். கடைசியில் சமரசம் ஆச்சு. கம்பெனி தப்பை ஒத்துக்கவும் இல்லை, ஒரு டாலர்கூடக் கட்டவும் இல்லை, இனிமே செய்ய மாட்டோம்னு உத்தரவாதம் மட்டும்தான். கமிஷனோட அஞ்சு பேர்ல ரெண்டு பேர் இதை எதிர்த்தாங்க. பிடிபட்டாலும் நஷ்டம் இல்லைன்னா மத்தவங்க என்ன பாடம் கத்துக்குவாங்க என்பதுதான் அவங்க கவலை. எனக்கும் அந்த ரெண்டு பேர் சொன்னதுதான் நியாயமா படுது.

இதுல எனக்கு ரொம்ப உறுத்துறது அந்த ஊழியர்கள் நிலைமை. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, கேம்பஸ் இன்டர்வியூ சீசனுக்கு முன்னாடி ஹெச்.ஆர். ஒரு லிங்க் அனுப்புவாங்க. கம்பெனியைப் பத்தி "நேர்மையா" ரேட்டிங் போடுங்க, போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கன்னு. ஸ்கிரீன்ஷாட் கேட்டப்புறம் நேர்மை எங்கேயிருந்து வரும்? "வொர்க் லைஃப் பேலன்ஸ் சூப்பர்"னு ராத்திரி 11 மணிக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் பண்ணாங்க நம்ம பசங்க. அடுத்த வருஷம் சேர்ந்த ஒரு ஃப்ரெஷர், இன்னொரு ஆஃபரை விட்டுட்டு இங்க வந்தவன், "ரேட்டிங் பார்த்துதான்ணா வந்தேன்"னு சொன்னான். டீம்ல யாரும் பதில் பேசலை.

ஸ்டார்ல என்ன பெருசா போயிடப் போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை எடுத்துப் பார்த்தார். யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5-லிருந்து 9 சதவீதம் கூடுது. பெரிய செயின் கடைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். பின்னாடி அவரும் ஜார்ஜியோஸ் ஜெர்வாஸும் சேர்ந்து பாஸ்டன் நகரத்துல, யெல்ப் சந்தேகப்பட்டு ஒதுக்கின ரிவ்யூக்களை ஆராய்ஞ்சாங்க. மொத்தத்துல சுமார் 16 சதவீதம் அப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. எப்போ இந்தத் தப்பு அதிகம் நடக்குது? கடைக்கு ரிவ்யூ கம்மியா இருக்கும்போது, இல்லைன்னா சமீபத்துல மோசமான ரிவ்யூ வந்திருக்கும்போது. அதாவது பயத்துல. பக்கத்துல போட்டி கூடும்போது, அடுத்தவன் கடைக்கு மட்டமா எழுதறதும் கூடுது.

அதனால எல்லாரையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரலை. கடன் வாங்கி மெஸ் ஆரம்பிச்சவர், ரிவ்யூ பக்கம் காலியா இருக்கேன்னு தனக்கு ஒண்ணு போட்டுக்கறார். அவரும், வி.பி.என். போடச் சொல்லி மெயில் அனுப்புற கம்பெனியும் ஒண்ணு இல்லை. மெஸ்காரர் போட்டதை எடுத்துடணும், எதுக்கு எடுத்தோம்னு அவர்கிட்ட சொல்லணும், ஓனர்னு பெயர் போட்டுப் பேச ஒரு இடம் கொடுக்கணும். அது போதும். பக்கத்துக் கடைக்கு 1 ஸ்டார் போட்டவர்கிட்ட எனக்கு இந்த இரக்கம் கிடையாது. அது அடுத்தவன் சோத்துல மண்ணைப் போடுற வேலை.

"எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும் சும்மா இருந்தா கடையை மூட வேண்டியதுதான்"னு சொல்றவர் பேச்சை லேசா தள்ளிட முடியாது. ஆனா அந்த "எல்லாரும்"ல சேராத ஒருத்தர் அதே தெருவுல 3.9-ல உட்கார்ந்திருக்கார். இவர் போடுற ஒவ்வொரு பொய் ஸ்டாருக்கும் விலை கொடுக்கிறது அவர்.

நமக்கு அடிக்கடி வர்ற சோதனை இதுல இன்னொரு வகை. ஃபேமிலி க்ரூப்ல லிங்க் வரும்: "சித்தப்பா கடை, எல்லாரும் 5 ஸ்டார் போடுங்க." பெரியவங்க சொல்லும்போது மூஞ்சியில அடிச்ச மாதிரி மறுக்கவும் முடியாது. நான் செய்யறது இதுதான்: கடையோட போட்டோவை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுவேன். "எங்க சித்தப்பா கடை, பரோட்டா சால்னா கலக்கல், வாங்க." வார்த்தை அதேதான். ஆனா ஸ்டேட்டஸ்ல என் பெயரும் உறவும் தெரியுது, பவணந்தியார் கணக்குல அது பாயிரம். ரிவ்யூ பக்கத்துல போட்டா அதே வார்த்தை பொய்ச்சாட்சி. சித்தப்பாவும் சந்தோஷப்படுவார். ஸ்டேட்டஸ் பார்த்து நாலு பேர் நிஜமாவே போவாங்க, அவங்க போடட்டும் ஸ்டாரை.

2024-ல் அமெரிக்காவில் வந்த புது விதியும் கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் போடுது. கடையோட நிர்வாகிகள் தங்களுக்கு என்ன தொடர்புன்னு தெளிவா சொல்லாம ரிவ்யூ எழுதக்கூடாது. ஊழியர்கள்கிட்டயோ நெருங்கின சொந்தக்காரங்ககிட்டயோ கேட்டு வாங்கினாலும், தொடர்பைச் சொல்லித்தான் எழுதணும்னு சொல்லிடணும். அக்டோபர் 21-ல் அமலுக்கு வந்தப்போ, தெரிஞ்சே மீறினா ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம்னு வெச்சாங்க. இந்தியாவில் 2022 நவம்பர்லயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்குன்னு ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனா கட்டாயம் இல்லை, விரும்பினவங்க கடைப்பிடிக்கலாம்னுதான் வந்தது.

தண்டனையைவிட, கதவை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்குன்னு என் எஞ்சினியர் புத்தி சொல்லுது. எக்ஸ்பீடியாவில் ரூம் புக் பண்ணினவங்க மட்டும்தான் ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுத முடியும், ட்ரிப்அட்வைசர்ல யாரும் எழுதலாம் என்றிருந்த காலத்தில், ஒரே ஹோட்டலுக்கு ரெண்டு இடத்திலும் என்ன எழுதியிருக்குன்னு மூணு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2014-ல் அது வெளியானது. தனி முதலாளிகள் நடத்துற சின்ன ஹோட்டல்களுக்கு, திறந்த தளத்துல 5 ஸ்டார் அதிகமா இருந்தது. அந்த மாதிரி ஹோட்டலுக்குப் பக்கத்துல இருந்த ஹோட்டல்களுக்கு 1 ஸ்டார் அதிகமா இருந்தது. ரசீது கேட்டாலே பாதி சபலம் அடங்கிடுது. மெஷின் வெச்சுப் பிடிக்கலாம்தான், ஆனா எந்த ஃபில்டரும் நிஜ ஆள் நாலு பேரைச் சேர்த்துத்தான் தூக்கும். சந்தேகப்பட்டதைச் சத்தமில்லாம அழிக்கிறதைவிட, யெல்ப் 2012-ல் செஞ்சது எனக்குப் பிடிக்கும்: காசு கொடுத்து ரிவ்யூ வாங்கின கடையைப் பிடிச்சு, அந்தக் கடையோட பக்கத்திலேயே 90 நாளைக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டினாங்க.

அபராதம் போட்டாலும் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகுது. 3.9-காரருக்கு வராம போன வாடிக்கையாளரை யாரும் திருப்பிக் கொண்டுவந்து விடறதில்லை. அதனால நான் இப்போ புது ஊர்ல சாப்பாடு தேடும்போது 4.9-ஐத் தாண்டிக் கீழே போய், திட்டு வாங்கினதுக்கும் பொறுமையா, ஓனர்னு பெயர் போட்டுப் பதில் சொல்லியிருக்கிற 3.9 கடையைத்தான் பார்க்கிறேன். சாப்பிட்டா பில்லைப் பத்திரமா எடுத்து வெச்சு, என் சொந்தப் பெயர்லயே ரெண்டு வரி எழுதறேன், உப்பு கம்மின்னா உப்பு கம்மின்னும் சேர்த்து.