கைத்தொழில் கற்பது தாழ்வா?

மூடா ஆற்றோடு கெத்தில் ஆறு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் கோலா கெத்தில். அவ்வூரைச் சூழ்ந்த பாடனோக், பத்து பெக்காக்கா முதலிய தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் பால்மரம் வெட்டுதல். அஃது எளிய தொழிலன்று. குளிர்ச்சியில் பால் நன்கு வடியும் விடியற்போதில், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுதல் வேண்டும். கத்தி சற்று ஆழப் பதிந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் குறைந்தாலோ பால் குறையும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மயிரிழை அளவைத் தொழிலாளியின் கை அறிந்திருந்தது. ஆயினும் அவ்வறிவைக் கல்வியென்று எவரும் மதித்ததில்லை. அதற்கெனச் சான்றிதழ் எதுவும் அவன் கையில் இருந்ததில்லை. மரங்கள் சாய்க்கப்பட்ட அன்றே அவனுடைய திறனும் விலையற்றதாயிற்று.

1980களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ரப்பர் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டர் நிலத்தில் நின்றது. இன்று அதில் பாதியளவே எஞ்சியுள்ளது. அன்று 10 இலட்சம் எக்டராக இருந்த செம்பனையோ இன்று 55 இலட்சத்தையும் கடந்து பரவியிருக்கிறது. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதும்; அதற்கு அத்தனை ஆள்கள் தேவையில்லை. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நின்றனர். தந்தைக்கு ஒரு கத்தி. மகனுக்கு ஒரு பொத்தான். இயந்திரம் மாறினால் மகனின் நிலையும் தந்தையின் நிலையே என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகைய நிலைக்கு விடையாக எழுந்தவையே சமுதாயக் கல்லூரிகள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இலேயே இம்முயற்சி தொடங்கியது. சென்னையில் 1996இல் ஏசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் முன்னின்று அமைத்த கல்லூரி, தொழிற்பயிற்சியோடு வாழ்க்கைத் திறன்களையும் ஒரு பாடமாகவே வைத்தது. நம் நாட்டில் 2001 முதல் அரசு இவற்றை நிறுவி வருகிறது. கெடாவில் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள கல்லூரிகள் கோலா கெத்தில் இளைஞன் மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. உயர்ந்த தேர்ச்சி பெற்றவர்க்கே இடம் என்னும் நிபந்தனை அங்கே இல்லை. அவ்வாறிருந்தும், தேர்வில் பின்தங்கிய மாணவனிடம் அக்கல்லூரியின் பெயரை நாம் எடுத்துச் சொல்லும் குரலைக் கவனித்தால், அது வழிகாட்டும் குரலாக இல்லை. ஆறுதல் கூறும் குரலாகவே இருக்கிறது.

இந்த இழிவெண்ணம் எங்கிருந்து வந்தது? பெற்றோரின் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. தோட்டத்தில் கையால் உழைத்தவன் வெயிலில் நின்றான். எழுதுகோல் பிடித்த கிராணி நிழலில் அமர்ந்தான். அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற தாய், தன் பிள்ளை கூப்பிடுகின்றவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில் குற்றம் காண எனக்கு மனமில்லை. அவள் வெறுத்தது உழைப்பையன்று, உழைப்பின்மேல் சுமத்தப்பட்ட அவமதிப்பையே. அந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. மின்கம்பி பொருத்துவதும் குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்ப்பதும் பொறுக்கும் மனம் இருந்தால் போதும் என்னும் வேலைகள் அல்ல; அவை சிந்திக்கும் மூளையைக் கேட்பவை.

எனினும் மறுப்பொன்று உண்டு. அதைத் தள்ளிவிட இயலாது. மலாய்க் கூட்டு நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. (கெடா அக்கூட்டு நாடுகளில் சேராதது, ஆயினும் இங்கும் தோட்டப் பள்ளியின் போக்கு வேறாக இருக்கவில்லை.) அப்பள்ளிகள் நம் மொழியைக் காத்தன; அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆனால் அவற்றை நடத்திய முதலாளிக்கு வேண்டியிருந்தது தோட்டத்தை விட்டகலாத அடுத்த தலைமுறைதான். சமுதாயக் கல்லூரியும் பெயர் மாறிய தோட்டப் பள்ளிதானோ, தொழிற்சாலைக்கு ஆள் தேடித் தரும் வாயில்தானோ என்று ஒருவர் கேட்டால், அவர்மேல் சினம் கொள்வதற்கில்லை.

இவ்வேறுபாட்டை அறிய நான் பார்ப்பது கதவுகளை. தோட்டப் பள்ளிக்கு அப்பால் பெரும்பாலோர்க்குக் கதவே இல்லை. சமுதாயக் கல்லூரியில் சான்றிதழ் பெற்றவன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவிற்குச் செல்லலாம். அங்கிருந்து பட்டப்படிப்பிற்கும் வழியுண்டு. அதனினும் பெரிது, திரும்பி வருவதற்கான கதவு. குறுகிய காலப் பயிற்சிகள் பொதுமக்களுக்கும் திறந்துள்ளன. நாற்பது வயதில் வேலை இழந்தவர் தையலோ, ரொட்டி அடுதலோ, கணினியோ கற்க உள்ளே வரலாம். இன்றைய வேலைக்கு ஏற்ற ஆளாக்குவதோடு நிற்கும் பயிற்சி, அவ்வேலை அழியும்போது தானும் அழியும். மீண்டும் கற்கத் துணிவதற்கு ஒருவனைப் பழக்கும் பயிற்சியே கல்வி எனத் தகும். எல்லாக் கல்லூரிகளும் எல்லா வகுப்புகளும் இதைச் செய்கின்றனவா என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

பொருளாதார மாற்றத்தை எதிர்கொள்ளும் துணிவு நம்மவர்க்குப் புதிதன்று. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசிறு சேமிப்பைக் கொண்டு அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் இக்கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். பின்னர் 2001இல் இம்மாநிலத்திலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பீடோங்கில் அதன் வளாகம் எழுந்து நிற்கிறது. மருத்துவரையும் பொறியாளரையும் உருவாக்கும் அப்பணியைப் பாராட்டுவோம். ஆனால் மருத்துவம் பயிலச் செல்பவனுக்குத் திறக்கும் நம் பை, பற்றவைப்புத் தொழில் பயிலச் செல்பவனுக்கு ஏன் திறப்பதில்லை? ஊர்ச் சங்கங்கள் தரும் கல்வி உதவித் தொகையில் அவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். பெட்ரோலுக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவே பலரை இடையில் நிறுத்திவிடுகிறது. அது பெருந்தொகையும் அன்று.