நிபுணனின் சாட்சியம்

ப்ளேட்டோவின் 'புரோடகோரஸ்' உரையாடலில் ஸாக்ரடீஸ் தன் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். ஏதென்ஸ் மக்கள்சபையில் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தால் கட்டடம் கட்டுகிறவனையும், கப்பல் பற்றி வந்தால் கப்பல் கட்டுகிறவனையும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தொழில் தெரியாத ஒருவன், எவ்வளவு அழகனாகவோ பணக்காரனாகவோ பெரிய குடும்பத்தவனாகவோ இருந்தாலும், எழுந்து யோசனை சொன்னால் சிரித்துக் கூச்சலிட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். ஆனால் நகரத்தின் காரியங்களை எப்படி நடத்துவது என்ற கேள்வி வரும்போது தச்சன், கருமான், செருப்புத் தைப்பவன், வியாபாரி, மாலுமி, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இதை எங்கே கற்றாய், உன் ஆசிரியர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நற்பண்பு கற்பிக்கக்கூடிய ஒன்றுதானா என்ற தன் சந்தேகத்துக்கு ஆதாரமாக ஸாக்ரடீஸ் இதைச் சொல்கிறார். அந்த வாதத்தை இங்கே விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சபை போட்டிருந்த கோடு. கப்பலை எப்படிக் கட்டுவது என்பது ஒரு கேள்வி. அதில் ஏறிப் போருக்குப் போவதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் தெரிந்தவன் என்பதாலேயே ஒருவன் இரண்டாவதற்கும் பதில் சொல்லும் தகுதி பெற்றுவிடுவதில்லை.

இந்தக் கோடு நம் காலத்தில் அழிந்துவிட்டது என்றும், அழித்தவன் நிபுணன் என்றும் குறைப்படுவது வழக்கமாகியிருக்கிறது. இரண்டாவது குற்றச்சாட்டில் எனக்குச் சந்தேகம் உண்டு. நிபுணன் முன் நமக்குத் தெரிந்த பாவனைகள் இரண்டுதான். ஒன்று பணிவு, மற்றது ஏளனம். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்பது மற்றது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே சிரமத்தைத் தவிர்க்கின்றன. நிபுணனின் அறிவு எதனால் அறிவாகிறது என்று விசாரிப்பதுதான் அந்தச் சிரமம்.

ஒரு தச்சனை நிபுணனாக்குவது மரம். உளியைக் கோணம் தப்பி வைத்தால் மரம் பிளக்கிறது. நிலையில் பொருந்தாத கதவு, தச்சன் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் பொருந்தாமலே நிற்கிறது. வருஷக்கணக்காக இப்படி மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டு அவன் கையில் சேர்ந்திருப்பதைத்தான் நிபுணத்துவம் என்கிறோம். நிறையத் தெரிந்தவன் என்பதைவிட, செய்த தவறு தன்னிடமே திரும்பி வரும் இடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்று நிபுணனை வர்ணிப்பது பொருத்தமாக இருக்கும்.

எல்லாத் தொழில்களிலும் தவறு இவ்வளவு சீக்கிரமாகத் திரும்பி வருவதில்லை. நோயாளி பிழைத்தது மருந்தாலா, தானாகவா என்பது வைத்தியனுக்குப் பல சமயம் தெரிவதில்லை. ரத்தத்தை வடியவிடும் சிகிச்சை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்ததற்கு வைத்தியர்கள் மூடர்களாக இருந்தது காரணமில்லை. பிழைத்தவர்களைச் சிகிச்சையின் கணக்கிலும் இறந்தவர்களை நோயின் கணக்கிலும் எழுதிக்கொள்ள வழி இருந்தது. 1830களில் பாரிஸில் பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அதன் பலன் எவ்வளவு சொற்பம் என்று காட்ட முடிந்தது. மரம் தானாகச் செய்கிற மறுப்பை மருத்துவம் பிரயாசைப்பட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த மறுப்பு அறவே இல்லாத இடம் ஒன்று உண்டு. அது நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டு. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞரின் முதல் குழந்தை 1996 டிசம்பரிலும் இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியிலும், மூன்று மாதம் நிறையுமுன்பே இறந்துபோயின. இரண்டையும் கொன்றதாக 1999 நவம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பின் சாட்சிகளில் ஒருவர் ஸர் ராய் மெடோ. குழந்தை மருத்துவத்தில் பெரிய பெயர். பெற்றவளே குழந்தைக்கு நோயை உண்டாக்கி மருத்துவர்களிடம் கொண்டுவரும் விபரீதத்தை 1977இல் விவரித்துப் பெயரிட்டவர். போலி என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

மெடோ ஒரு கணக்குச் சொன்னார். யாரும் புகை பிடிக்காத, ஒருவராவது சம்பாதிக்கிற, தாய்க்கு 26 வயதுக்கு மேலான குடும்பத்தில் காரணம் தெரியாமல் சிசு இறப்பது 8,543இல் ஒன்று. அப்படி இரண்டு மரணங்கள் நேர்வதற்கு அந்த எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. குதிரைப் பந்தயத்தில் 80க்கு ஒன்று என்ற குதிரை நான்கு வருஷம் தொடர்ந்து ஜெயிப்பது போல என்று உவமையும் தந்தார்.

கணக்கில் இரண்டு பிழைகள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளைத்தான் இப்படிப் பெருக்கலாம். ஒரே பெற்றோருக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் மரணங்கள் அப்படிச் சம்பந்தமற்றவை என்று யார் நிச்சயித்தது? இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. இரண்டு இயற்கை மரணங்கள் அபூர்வம் என்றால், ஒரு தாய் தன் இரண்டு சிசுக்களைக் கொல்வதும் அபூர்வம்தான். இரண்டு அபூர்வங்களில் எது அதிக சாத்தியம் என்பதுதான் கேள்வி. ஒன்றின் அபூர்வத்தை மட்டும் சொல்வது பதிலாகாது. இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் 2001 அக்டோபரில் பகிரங்கமாக இதைக் கண்டித்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. இரண்டாவது குழந்தையிடம் எடுத்த நுண்ணுயிர்ப் பரிசோதனையின் முடிவுகளைப் பிரேதப் பரிசோதகர் தெரிவிக்காமல் விட்டிருந்தார் என்பது பிரதான காரணம். அந்த எண்ணும் தனியாகவே போதுமான காரணமாகியிருக்கக்கூடும் என்றது நீதிமன்றம். 2007 மார்ச்சில் சாலி கிளார்க் இறந்தார். மெடோவின் பெயரை மருத்துவக் கவுன்சில் 2005இல் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2006இல் நீதிமன்றம் அதை மாற்றியது.

மெடோ குழந்தை மருத்துவத்தில் தவறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் விஷயம் மாறிவிடாது. எட்டாயிரத்துச் சொச்சத்தை அதனாலேயே பெருக்குவது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அந்த அறையில் இருந்த எவராலும் பெருக்க முடியும். பெருக்கலாமா என்பது மருத்துவத்துக்குள் அடங்காத கேள்வி. ஆனால் பதில் ஒரு வாழ்நாள் மருத்துவ அனுபவத்தின் குரலில் வந்தது. தொழிலுக்குள் சம்பாதித்த மரியாதை தொழிலுக்கு வெளியே செலவாயிற்று.

பாமரன் இதில் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஜூரிகளுக்கு மருத்துவம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மருத்துவம் தெரியாமலே கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. இது உங்கள் தொழிலுக்குள் அடங்குகிற விஷயம்தானா? இதில் நீங்கள் தவறினால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்? இவற்றைக் கேட்க அறிவைவிட விருப்பமே அதிகம் வேண்டும். அந்த விருப்பம் நமக்கு இருப்பதில்லை. தெரிந்துகொள்வதற்காக என்று சொல்லிக்கொண்டு, தீர்மானிக்கும் பாரத்தை இறக்கிவைக்கத்தான் நிபுணனிடம் போகிறோம். ஒரு தாயைக் குற்றவாளி என்று சொல்வதன் பாரத்தை ஒரு பெரிய எண் சுமந்துகொள்ளுமானால் அந்த எண்ணைச் சோதிக்க யாருக்கு மனம் வரும்? கோட்டை நிபுணன் தாண்டுகிறான் என்பது பாதி உண்மை. அவனைத் தாண்டச் சொல்லி நாம் அழைக்கிறோம் என்பது மீதி.

ஏளனக்காரனுக்கு இது உதவி செய்வதாகத் தோன்றலாம். அவனுக்கும் இதே கேள்விகளை வைக்கத்தான் வேண்டும். தடுப்பூசி வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவனிடம் எந்தத் தவறு திரும்பி வந்திருக்கிறது?

கோட்டை எதிர்ப்பக்கத்திலிருந்தும் தாண்டலாம். 1986 ஜனவரி 27 இரவு, சாலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தின இரவு, அதன் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயகால் நிறுவனத்தின் எஞ்சினியர்கள் புறப்பாட்டைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், சுமார் 12 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே செலுத்த வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அவர்களில் ராஜர் பாய்ஜோலி, ஒரு வருஷத்துக்கு முன் குளிரில் போய்த் திரும்பிய ராக்கெட்டின் மூட்டைப் பிரித்தபோது, வளையங்களுக்கு நடுவே கிரீஸ் கரியாகக் கறுத்திருந்ததைக் கண்டவர். பொருளின் மறுப்பைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள உறவை எண்களில் நிரூபிக்க அவரிடம் போதிய எண்கள் இல்லை. நிறுவனத்தின் நிர்வாகிகள் தனியாகக் கலந்து எஞ்சினியர்களின் முடிவை மாற்றினார்கள். மறுநாள் காலை விண்கலம் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழுவில் இருந்த ஃபைன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார்.

ஆபத்து இருக்கும்போது புறப்படுவதா என்பது சபையின் கேள்வி. குளிரில் ரப்பர் என்னவாகும் என்பது கப்பல் கட்டுகிறவனின் கேள்வி. இரண்டாவதை முதலாவதாக எண்ணித் தீர்மானித்தார்கள். அங்கே ஓர் எண் நிரபராதியைச் சிறையில் தள்ளியது. இங்கே எண் இல்லாததால் உண்மை தோற்றது. கை அறிந்ததையெல்லாம் நாக்கு அப்போதைக்கப்போது நிரூபித்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் நிபுணத்துவத்தைப் புரிந்துகொள்ளாததுதான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் கேட்கக்கூடும். நம்மில் பலர் விமர்சனம் எழுதுகிறோம். விமர்சகன் நிபுணனா? 1959இல் தொடங்கிய 'எழுத்து' காலத்திலிருந்தே நம்மிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருந்து வருகின்றன. க.நா.சு. பட்டியல் போட்டார், நீண்டகால வாசிப்பில் பழகிய ரசனையின் தீர்ப்புக்கு விளக்கம் அவசியமில்லை என்பது அதன் தொனி. செல்லப்பா அலசினார், காரணம் காட்டாத அபிப்ராயம் விமர்சனமாகாது என்றார். முறைகளைப் பற்றிய சண்டையாக இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். நம்பும்படி கேட்கும் உரிமை விமர்சகனுக்கு உண்டா என்ற சண்டை என்றே எனக்குப் படுகிறது. பட்டியல் பல சமயம் சரியாகவே இருந்தது; பலருக்கு நல்ல நூல்களுக்கு வழிகாட்டியது. பாய்ஜோலிக்குத் தெரிந்திருந்தது போல, காரணம் திரளுமுன்பே ரசனைக்குத் தெரிந்துவிடுவது உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தை நோயாளியால் படிக்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும். கவிதை வாசகன் முன்பாகவே கிடக்கிறது. விமர்சகன் எதைப் பார்த்தானோ அதையே வாசகனும் போய்ப் பார்க்கலாம். ஆகவே நம்பு என்று கேட்கும் உரிமை மற்ற நிபுணர்களைவிட விமர்சகனுக்குக் குறைவு. பார் என்று மட்டுமே அவன் சொல்லலாம். 1980களில் அமைப்பியலும் அதைத் தொடர்ந்த சித்தாந்தங்களும் தமிழுக்கு வந்தபோது கலைச்சொற்களைக் கண்டு எரிச்சலடைந்தவர்கள் இருந்தார்கள். சொல் கடினம் என்பது ஓர் ஆட்சேபணையே இல்லை. அந்தச் சொல் கவிதையில் அதுவரை தெரியாத ஒன்றைக் காட்டுகிறதா, அல்லது எந்தக் கவிதை வந்தாலும் அதே தீர்ப்பைச் சொல்கிறதா என்பதுதான் கேட்கவேண்டியது. எந்தக் கவிதையாலும் மறுக்க முடியாத விமர்சனம் எந்தக் கவிதையையும் பற்றியது இல்லை. எளிமையாக எழுதும் ரசனைக்காரனுக்கும் இது பொருந்தும். 'மனதைத் தொட்டது' என்ற வாக்கியத்தை மறுக்க எந்த வரியாலும் முடியாது.

ஒரு கவிதையைப் பற்றி எழுதும்போது, நான் சொல்வது தவறென்றால் அது எந்த வரியில் தெரியவரும் என்று வாசகனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வரிக்குப் போய்ப் பார்த்து அவன் மறுத்துவிட்டால், தச்சனிடம் மரம் செய்த காரியத்தை அவன் நமக்குச் செய்திருக்கிறான்.