நடந்தாரும் இருந்தாரும்

திவ்யதேசங்கள் 108 என்பது பெரியோர் கணக்கு. அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுடலோடு சென்று சேவிக்கத் தக்கவை அல்ல. எஞ்சிய 106-ம் நேபாளத்துச் சாளக்கிராமம் முதல் நாஞ்சில் நாட்டுத் திருவண்பரிசாரம் வரை பரந்து கிடக்கின்றன. அவற்றையெல்லாம் சேவிக்க வேண்டும் என்னும் ஆவல் வைணவனுக்கு இயல்பே. ஆயினும் ஒரு வினா எழாமற் போகாது. அர்ச்சாவதார எம்பெருமான் உள்ளூர்ச் சந்நிதியிலேயே பரிபூரணனாய் எழுந்தருளியிருக்க, ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிவது ஏன்? உள்ளூர்ப் பெருமாளிடம் இல்லாத ஒன்று வெளியூர்ப் பெருமாளிடம் உண்டு என்று எண்ணுவது அபசாரம் ஆகாதா?

இது வாதத்திற்காக எழுப்பிய வினா அன்று. முறை மாற்றிக்கொள்ள ஆளில்லாத சிறு கோயிலின் அர்ச்சகர், நித்திய ஆராதனத்தை விட்டுவிட்டு நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையும் பத்ரிக்குச் செல்ல இயலாது; அண்மையிலுள்ள திருவள்ளூருக்கும் நினைத்தபோது போய்வர முடியாது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த சடையங்குப்பம் போன்ற ஊர்களில், மணலி, எண்ணூர் ஆலைகளின் வேலைநேரத்திற்குக் கட்டுப்பட்டு வாழும் குடும்பங்களுக்கும் யாத்திரை எளிதன்று. முழங்கால் நோவால் வாசற்படி தாண்டாத மூதாட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டா. இவர்களெல்லாம் பக்தியில் குறைந்தவர்களோ?

ஆழ்வார்களின் சரிதத்தை நோக்கினால் வினா இன்னும் கடினமாகிறது. திருமங்கையாழ்வார் வடக்கே பதரி முதல் தெற்கே திருக்குறுங்குடி வரை எண்பதுக்கும் மேற்பட்ட பதிகளைப் பாடியவர், ஓயாமல் நடந்தவர். நம்மாழ்வாரோ திருக்குருகூரில் புளியமரத்தடியை விட்டு அசையவில்லை. பல பதிகளின் எம்பெருமான்களும் அம்மரத்தடிக்கே எழுந்தருளிக் காட்சி தந்தனர் என்று பூர்வாசாரியர்கள் கூறுவர். இருந்த இடத்திலேயே அனைத்தும் கிட்டுமாயின், நடப்பது எதற்கு?

இதற்கு விடை மதுரகவியாழ்வாரிடம் கிடைக்கிறது. திருக்கோளூரில் அவதரித்த அவர் வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்தபோது, தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டார். அதைத் தொடர்ந்து நடந்து நடந்து குருகூரை அடைந்தார். அவர் பிறந்த திருக்கோளூரோ குருகூருக்குக் கூப்பிடு தூரம்! அத்தனை அருகில் இருந்த பெருஞ்செல்வத்தை அயோத்தி வரை போய்த்தான் அவர் காண நேர்ந்தது. அவர் வந்து வினவிய பின்னரே, பதினாறு ஆண்டுகள் மௌனமாய் இருந்த நம்மாழ்வார் வாய் திறந்தார் என்பது குருபரம்பரை.

பின்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர் சிலர் குடந்தை ஆராவமுதனைப் பற்றிய திருவாய்மொழிப் பாசுரங்களை ஓதினர். அவற்றைச் செவியுற்ற நாதமுனிகள் எஞ்சியவற்றைத் தேடிக் குடந்தைக்கும், அங்கிருந்து குருகூருக்கும் நடந்தார். மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஓதி, நாலாயிரத்தையும் பெற்றார். பெயர் தெரியாத அந்த யாத்திரிகர்கள் தம் ஊரிலேயே தங்கியிருந்தால் இன்று சந்நிதிகளில் ஒலிக்கும் சேவாகாலம் ஏது?

யாத்திரிகன் எம்பெருமானைத் தேடிச் செல்கிறான் என்று மட்டும் கொள்வது பாதி உண்மையே. ஓர் ஊரில் கேட்டதை மற்றோர் ஊருக்குச் சுமந்து செல்பவனும் அவனே.

வடசென்னை நினைவிற் கொள்ளத்தக்க யாத்திரிகர் ஒருவர் ஏனுகுல வீராசாமி ஐயர். சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணிபுரிந்த அவர், ஏறக்குறைய ஐம்பதாம் வயதில், 1830-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், கத்திரி வெயிற்காலம் என்றும் பாராமல் தண்டையார்ப்பேட்டையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். அவருடன் சென்றோர் ஏறக்குறைய நூறு பேர். திருப்பதி, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி வழியாகப் பிரயாகையும் காசியும் கயையும் கண்டு, கல்கத்தா, பூரி வழியாக 1831 செப்டம்பர் 3-ஆம் நாள் திரும்பினார். அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. தென்னாட்டின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-இல்தான்.

அவர் தெய்வ தரிசனத்தோடு நின்றுவிடவில்லை. வழியின் தன்மை, தண்ணீர், சத்திரம், கடைகளில் கிடைக்கும் பண்டம், மக்களின் மொழி, வழக்கம் ஆகிய அனைத்தையும் தெலுங்கில் எழுதிவந்தார். யாத்திரையில் ஆசை வாழ்நாள் முழுதும் வாடாமல் இருப்பதற்கு இந்தக் கவனமே வேர் எனலாம். ஒன்பது திருப்பதிகளை ஒரே பகலில் முடித்து, தீர்த்தம் சாதிக்கும் முன்பே வேனின் ஒலிக்கு ஓடுகிறவனுக்கு எண்ணிக்கை கிட்டும்; அடுத்த ஊரைக் காணும் வேட்கை கிட்டுமா என்பது ஐயமே. அவனைக் குறை கூறவும் மனம் வரவில்லை. விடுப்பு இரண்டு நாள் என்றால் அவன் வேறென்ன செய்வான்?

வீராசாமி ஐயருக்குக் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை என்றொரு நண்பர் இருந்தார். யாத்திரைச் செய்திகள் அவருக்குத்தான் சென்றன. 1836-இல் ஐயர் காலமானார். சென்னையிலேயே இருந்த அந்த நண்பர்தாம் 1838-இல் ‘காசியாத்திரைச் சரித்திரம்’ அச்சேறச் செய்தார். நடந்தவரின் நடையை இருந்தவர் காத்துக்கொடுத்தார். குருகூரில் நிகழ்ந்ததன் மறுபக்கம் இது.

இந்த ஆசை பெரிய யாத்திரையில் தொடங்குவதில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில் பூக்கடைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் புறப்பட்டு, யானைக்கவுனியைக் கடந்து, வில்லிவாக்கம், திருவள்ளூர் வழியாகத் திருமலையை நோக்கிச் செல்கின்றன. தந்தையின் தோளிலிருந்து அக்குடைகளைக் காணும் குழந்தை, அவை தெருக்கோடியில் மறைந்த பின்னும் எட்டிப்பார்க்கிறது. ‘எங்கே போகிறது?’ என்று கேட்கிறது. மறு ஆண்டு பத்தடி உடன் நடக்கிறது.

திண்ணையில் மோர்ப்பானையுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டியோ குடைக்குப்பின் நடப்பவர்களை நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் குவளையைத் தந்து, ‘திரும்பும்போது இவ்வழியே வந்து, மலையில் என்ன சேவித்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்’ என்று கேட்டுக்கொள்கிறாள்.