இரக்கமா, தயக்கமா?

பாரூர் ஏரியை அடுத்த எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் உண்டு. சென்ற கோடையில் ஒன்றுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டது. கழுத்துத் திருகி, தலை முதுகின்மேல் சாய்ந்தது. தனிக் கூடையில் கவிழ்த்து வைத்தோம். அண்டை வீட்டு மூதாட்டி, "ஹஜ்ரத், அறுத்துருங்க, பாவம்" என்றார். "உயிரைத் தந்தவன் எடுத்துக்கொள்வான் அம்மா" என்றேன். நான்காம் நாள் வைகறையில் பார்க்கையில் அதன் கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது; உயிர் அடங்கவில்லை.

நான் கூறிய விடை தவக்குல்தானா? கத்தியெடுக்கக் கூசிய கையின் சாக்கா?

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறுப்பவர் கத்தியைத் தீட்டி, பிராணியின் நோவைக் குறைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அறுக்கும் நொடிக்குரிய ஒழுக்கமாகவே அதை நான் பாடம் நடத்தி வந்தேன். அறுக்காமல் தள்ளிப்போடும் நாட்களையும் அது விசாரிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம், 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் பிராணிகளின் உரிமைகளை எண்ணிச் சொல்கிறார். முதுமையாலோ நோயாலோ பயன்படாது போனாலும் அதற்குத் தீனியிடுவது உடையவன் கடமை. தாயின் கண்முன் அதன் குட்டிகளை அறுத்தலாகாது. இதைக் காட்டி, கோழியைத் தொடவே கூடாதென வாதிப்போர் உளர். இமாம் தடுப்பது கைவிடுதலை. முட்டையிடாத கோழியைப் பிஸ்மில்லாஹ் கூறி அறுத்து உண்ணத் தடையேது? தீனிக்குக் கேடென்று கழுத்தை நெரித்துக் குப்பையில் வீசுகிறோமே, அதற்குத்தான் நியாயமில்லை. 2006 பிப்ரவரியில் மராட்டியத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் பரவியபோது வீட்டுக் கோழிகளும் கொல்லப்பட்டன. அது பிற உயிர்களைக் காக்கச் செய்தது; அந்தக் கணக்கு வேறு.

உண்ணத் தகாத நோய்ப் பிராணியை நோவு தீர்க்க மட்டும் கொல்லலாமா என்பதில் ஃபிக்ஹு அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களது அச்சம் வீணன்று. வெள்ளைக் கழிச்சலில் கழுத்துத் திரும்பியும் பிழைத்த கோழிகள் உண்டு. ஆயின் நீரும் விழுங்காது, எறும்புக்கு இரையாகிக் கிடப்பதைப் 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்பது, என் சிற்றறிவுக்கு, பொறுமையாகத் தோன்றவில்லை. பொறுப்பது நாமா, அதுவா?

குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டும், எட்டாம் வாரம் தடுப்பூசியும் போட்டிருந்தால் இத்தனை விசாரணைக்கு இடமே இராது. அதையும் நான் செய்யவில்லை.

அன்று மற்றக் கோழிகளைத் திறந்துவிடுமுன் அதைக் கொல்லைப்புறம் எடுத்துச் சென்றேன். கத்தி மழுங்கியிருந்தது. முப்பது ஆண்டுகள் அந்த ஹதீஸை ஓதிக்கொடுத்தவன் வீட்டுக் கத்தி! அதன் பார்வை படாதவாறு சுவருக்கு அப்பால் சென்று தீட்டி வந்தேன். அறுத்தபின் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டு மூடினேன்.