காய்கறிக் கூடையும் ஏழாங் கற்பனையும்



காலைப் பூசை முடிந்து, கூடையும் கையுமாகக் கடைத்தெருவுக்குப் போகிற நம் திருச்சிராப்பள்ளியாருக்கு ஒரு பாக்கியம் உண்டு. காவேரியும் கொள்ளிடமும் அணைத்துக்கொண்டிருக்கும் ஸ்ரீரங்கத்திலும், மேற்கே அந்தநல்லூர், ஜீயபுரத்திலும், கிழக்கே லால்குடியிலும் விளைந்தது வாடுமுன் நம் கைக்கு வருகிறது. இலேசான புளிப்போடு பூவன், வாயில் கரையும் ரஸ்தாளி, காம்பு பசுமை மாறாத கத்தரிக்காய், ஈரம் உலராத முளைக்கீரை, சோற்றுக்கு மண்ணச்சநல்லூர் அரிசி! இவற்றை ருசித்து உண்பது போசனப்பிரியம் என்னும் பாவமாகுமோ என்று சிலர் கூசுவதுண்டு. அளவு கடந்தால்தான் பாவம். கானாவூர்க் கலியாணத்தில் நல்ல இரசத்தைக் கொடுத்த ஆண்டவர் ருசியைப் பகைத்தவரல்லர். நன்றியோடு உண்பவன் படைத்தவரைப் புகழ்கிறான்.

உண்பதில் இப்படித் தடையில்லை. வாங்குவதில்தான் ஆத்தும சோதனை செய்ய வேண்டியிருக்கிறது.

தூரதேசத்து ஆப்பிளை விளைவித்தவன் முகம் நமக்குத் தெரியாது. தெருமுனையில் கீரை விற்பவளையோ நன்றாகத் தெரியும். அவள் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் தெரியும். இந்த அறிமுகம் உள்ளூர்ப் பண்டம் வாங்குவதன் பெரிய இன்பம். ஆயினும் அவளிடம்தான் ஐந்து ரூபாய்க்காக வாதாடுகிறோம். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்து வருகிறோம். காரணம் என்ன? பொழுது சாய்ந்தால் கீரை வாடிவிடும். காத்திருக்க அவளால் முடியாது, நம்மால் முடியும்.

அப்படியானால் பேரம் பேசுவதெல்லாம் பாவமா? இல்லை. பேரத்துக்கென்றே விலையை ஏற்றிச் சொல்வாரும் உண்டு. அற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தாய் காசை எண்ணித்தான் செலவிட வேண்டும். இருவருக்கும் ஒத்த விலைக்கு வருவது நியாயமே. ஆனால் பண்டத்தின் மதிப்புக்கு மேல் விற்பது போலவே மதிப்புக்குக் குறைத்து வாங்குவதும் அநீதி என்று, 13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். அக்குவினாஸ் தோமையார் போதித்திருக்கிறார். நாமோ ஏழாங் கற்பனையைக் கொண்டு விற்கிறவனை மாத்திரம் சோதிக்கிறோம்.

“அவள் சம்மதித்துத்தானே கொடுத்தாள்?” என்பீர்கள். 1891-ல் 13-ஆம் சிங்கராயர் பாப்பானவர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில், தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு உடன்படுகிறவன் அநீதிக்கு ஆளானவன் என்று கூறினார். கூலிக்குச் சொன்னது கீரைக்கும் பொருந்தும்.

சரியான மதிப்பை எப்படி அறிவது? வாழையைப் பாருங்கள். கன்று நட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தால் ஒரு தார். தாரை வெட்டினால் அந்த மரத்தின் ஆயுசு முடிந்தது. அதற்குள் ஒரு சூறைக்காற்று அடித்தால் தாரோடு முறிந்து விழும். அந்த வருஷத்தின் வேர்வையும் பயமும் ஒவ்வொரு சீப்பிலும் அடங்கியிருக்கின்றன. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நம் தென்னூரிலும் உண்டு. அங்கே இடைத்தரகர் இல்லை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்தவர் விலை தெரியாதென்று சொல்ல முடியாது. வாசலுக்குத் தலைச்சுமையாய்க் கொண்டு வருகிறவளுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் சேர வேண்டும். அது அவள் நடந்த கூலி.

பூசையில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும்போது, நிலத்தின் விளைவோடு மனிதர் உழைப்பையும் சேர்த்தே ஒப்புக்கொடுக்கிறோம். அந்த உழைப்பின் விலையைத் தெருவில் குறைத்துவிட்டுப் பீடத்தண்டை எப்படி வருவது?

இவ்வாரம் ஒரு தீர்மானம் செய்வோம். கீரைக்காரியிடம் நியாயமான விலையை முகங்கோணாமல் கொடுப்போம். அதைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டாம். அது நாம் பட்ட கடன். மனச்சாட்சி உறுத்தாமல் உண்ணும் கீரைக்குத் தனி ருசி உண்டு.